ராத்திரி பத்து மணிக்கு எந்த ஆஸ்பத்திரி?

தங்கச்சி, குழந்தைக்கு ராத்திரி பத்து மணிக்கு உடம்பு சுட்டா கேஷுவாலிட்டிக்கு ஓடறதா, விடியட்டும்னு பொறுக்கறதான்னு அந்த நேரத்துல யோசிச்சா பதற்றம்தான் மிஞ்சும். எல்லாரும் நல்லா இருக்கற ஒரு பகல்லயே அதை முடிவு பண்ணி வச்சுக்கோ. நீ இப்பத்தான் தாம்பரம் பக்கம் குடிமாறியிருக்கே. ரேஷன் கடை எங்கே, பால் பூத் எங்கேன்னு விசாரிச்சே இல்லையா, அதோட இதையும் விசாரிச்சுடு.

பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்துட்டு வா. தடுப்பூசியும் கர்ப்பிணிகளுக்கான செக்கப்பும் மட்டும்தான் அங்கேன்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஒரு நினைப்பு. காய்ச்சல், சளி, வயித்துப்போக்கு, பிரஷர், சுகர் எல்லாமே பார்ப்பாங்க, மாத்திரையும் காசில்லாம கிடைக்கும். 2023 ஜூன்ல நகர்ப்புற நலவாழ்வு மையம்னு தமிழ்நாடு முழுக்க ஒரே நாள்ல 500 திறந்தாங்க. அங்கே ஓ.பி. காலைல 8 முதல் 12, சாயங்காலம் 4 முதல் 8. அந்தச் சாயங்கால நேரம்தான் உன்னை மாதிரி வேலைக்குப் போறவளுக்கு முக்கியம். வாசல் போர்டுல போட்டிருக்கற நேரத்தை போன்ல படம் எடுத்துக்கோ, ஞாயித்துக்கிழமை உண்டான்னும் கேட்டுக்கோ.

"சாதாரண ஜுரத்துக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு வந்துடறாங்க"ன்னு சலிச்சுக்கறவங்களைப் பார்த்திருப்பே. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சித்தாள் வேலைக்குப் போறவ பகல் ஓ.பி.ல நின்னா அன்னிக்குக் கூலி போச்சு. வேலை முடிஞ்சு, பஸ் பிடிச்சு வீடு வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்க்கறப்ப மணி எட்டைத் தாண்டியிருக்கும். அந்நேரத்துக்குக் காசு கேக்காம திறந்திருக்கறது ஜி.எச். ஒண்ணுதான். அவ மேல குத்தம் சொல்ல என்ன இருக்கு? நமக்குச் சாயங்காலமே போக வசதி இருந்தா, நாம போயிடலாம். அவ்வளவுதான் நான் சொல்றது.

அப்படியே கேஷுவாலிட்டிக்குப் போக நேர்ந்தாலும், அங்கே முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல வைத்தியம்ங்கற வழக்கம் கிடையாது. பெரிய ஜி.எச்.கள்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஆபத்தைப் பொறுத்துப் பிரிப்பாங்க. பச்சைல உட்கார வச்சுட்டாங்கன்னு நர்ஸம்மாகிட்டச் சண்டைக்குப் போகாதே. உயிருக்கு இப்போ ஆபத்தில்லைன்னு பார்த்துத்தான் அங்கே உட்கார வச்சிருக்காங்க. நிலைமை மோசமாகற மாதிரி தெரிஞ்சா மட்டும் உடனே போய்ச் சொல்லு.

ராத்திரி ஜுரத்துக்கு வருவோம். மருந்து கொடுத்து ஜுரம் இறங்கினதும் சிரிக்கறான், தண்ணி குடிக்கறான், ஒண்ணுக்குப் போறான்னா காலைல ஓ.பி.க்குக் கூட்டிப் போனா போதும். பாராசிட்டமால் அளவு வயசைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். டிராப்ஸ் வேற, சிரப் வேற, டிராப்ஸ்ல மருந்து செறிவு அதிகம். டாக்டர் சொன்ன மில்லி அளவை பாட்டில் மேலேயே எழுதி ஒட்டி வை. தூக்கக் கலக்கத்துல கணக்குப் போடாதே.

ஆனா மூணு மாசத்துக்குள்ள இருக்கற பச்சைக் குழந்தைக்கு ஜுரம்னா பொறுக்கவே கூடாது. பால் குடிக்க மாட்டேங்கறது, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினா சரியா முழிக்காம துவண்டு கிடக்கறது, மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழே குழி விழறது, இதுல ஒண்ணு இருந்தாலும் எந்த வயசுப் பிள்ளையானாலும் கிளம்பிடு. மூச்சு வேகமா இருக்கோன்னு சந்தேகமா இருந்தா, அழாம இருக்கறப்ப ஒரு நிமிஷம் முழுசா எண்ணு. ரெண்டு மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே டாக்டர் பார்க்கணும். மழைக்காலத்துல இன்னொண்ணு: டெங்குல ஜுரம் இறங்கற நாள்தான் ஆபத்து. ஜுரம் விட்டதும் வயித்துவலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம்னா "அதான் சரியாயிடுச்சே"ன்னு விட்டுடாதே. கடையில புரூஃபென் வாங்கிக் கொடுக்காதே, டாக்டரை ஊசி போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

எனக்கு நிஜமா எரிச்சல் வர்றது எங்கே தெரியுமா? சளிக்கு ஓடற நம்ம ஆளுங்க, நெஞ்சுவலின்னா "கேஸ்தான்"னு சோடாவும் ஓமத்தண்ணியும் குடிச்சுட்டுப் படுத்துக்கறாங்க. நெஞ்சை அமுக்கற வலி, வேர்வை, இடது கையோ தாடையோ வலிச்சா 108-ஐக் கூப்பிடு. கிராமத்துல இருக்கற அப்பாவுக்கும் சொல்லு: 2023-ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே முதல் கட்டமா 14 மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. வாய் கோணுது, கை தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா அது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு பார்த்து வச்சுக்கோ. அடைப்பைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தெருமுனை கிளினிக்ல நிக்காம சி.டி. ஸ்கேன் இருக்கற இடத்துக்குப் போகணும்.

அப்பாவோட பிரஷர் மாத்திரை தீர்ந்து போச்சு, போன வாரமே போடலைன்னு அம்மா மெதுவா சொல்லுவா பாரு, அங்கேதான் பாதி எமர்ஜென்சி ஆரம்பிக்குது. கேஷுவாலிட்டில டியூட்டி டாக்டர் அன்னிக்கு இருக்கற பிரஷரைக் குறைச்சு அனுப்புவார். அடுத்த மாசம் அவர் இருக்க மாட்டார், அப்பாவை யாருக்கும் ஞாபகமும் இருக்காது. ஒரே இடத்துல மாசாமாசம் பார்த்தாத்தான் எந்த மாத்திரை கேக்குது, எது காலை வீங்க வைக்குதுன்னு தெரியும். 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. அப்பா பேர் அதுல இருக்கான்னு அம்மாகிட்டக் கேளு.

நாய் கடிச்சாலும் ஜி.எச்.தான் போகணும்னு இல்லை. குழாயைத் திறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவு, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி ஆரம்பிக்கலாம். அப்புறம் 3, 7, 28-ஆம் நாள், ஒண்ணையும் விடாதே. ரத்தம் வர்ற கடி, முகத்துல கடின்னா கழுவிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. காயத்தைச் சுத்திப் போடற தனி மருந்து அங்கேதான் இருக்கும்.

108 ஆம்புலன்ஸுக்கு, 104 ஆலோசனைக்கு. போகலாமா வேண்டாமான்னு குழப்பமா இருந்தா 104-க்குப் போன் பண்ணிக் கேளு. ரெண்டு நம்பரையும் உன் போன்ல மட்டும் வச்சுக்காம உன் மாமியார் போன்லயும் போட்டுக் கொடு. பகல்ல பிள்ளையை வச்சுக்கறவங்க அவங்கதானே.