பிவிசி குழாயில் விரிசலைத் தடுக்க

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் கிணற்றுப் பாசனத்துக்கு பிவிசி குழாய் பதித்துள்ள விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய் எப்போதும் ஒரே அடியில் உடைவதில்லை. அழுத்தம் பலமுறை ஏறி இறங்குவதால் மயிரிழை விரிசல் தோன்றி, நாளடைவில் நீண்டு பிளக்கிறது. தினமும் 6 முறை மோட்டாரை நிறுத்தினால், ஆண்டுக்கு 2,190 முறை நீர் திரும்பி வந்து மோதும்.

அடி தாங்குவதற்காகச் சில குழாய்களில் ரப்பர் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். இது விரிசல் பரவுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் சூழ்நிலை கெட்டால் இந்தப் பலன் குறையும்.

வெயில்: பட்டாசுத் தொழிலுக்கு உகந்த இப்பகுதியின் வறண்ட வெயில் குழாய்க்குப் பகை. மேற்பரப்பு நிறம் மங்கி, எளிதில் நொறுங்கும். குழாய்களை நிழலில் அடுக்கவும். வெளியே தெரியும் பகுதிக்கு, தண்ணீரில் கரையும் வெள்ளை பெயிண்ட் பூசவும்.

மண்: கரிசல் மழையில் உப்பும்; கோடையில் சுருங்கி வெடிக்கும். இதனால் குழாய் வளையும். 2 அடிக்குக் குறையாத ஆழத்தில், கல் படாமல், சுற்றிலும் மணல் இட்டுப் பதிக்கவும்.

சோப்பு: மருந்து இலையில் ஒட்டுவதற்காகக் கலக்கும் சோப்புக் கரைசல், பாலிதீன் தெளிப்பான் தொட்டியில் இறுக்கமுள்ள இடங்களில் விரிசலை விரைவுபடுத்தும். வேலை முடிந்ததும் தொட்டியை நல்ல நீரில் கழுவவும்.

மோட்டார்: நிறுத்துமுன் கேட் வால்வை மெல்ல மூடவும். அடிக்கடி மின்தடை ஏற்படும் இடத்தில் இதற்கு அவகாசமிராது. அங்கே 4 கிலோ குழாய்க்குப் பதில் 6 கிலோ குழாய் வாங்குவது நல்லது. பருத்தி காய் பிடிக்கும் நேரத்தில் குழாய் வெடித்தால் ஏற்படும் நட்டத்தை நோக்க, இந்தக் கூடுதல் செலவு சிறியதே.