கரிசலாங்கண்ணியும் அது நிற்கும் நீரும்

ஆர்ட்டிசோக் என்பது மத்தியதரைக் கடலோர நாடுகளில் பயிராகும் காய்கறி. அதன் மலராத மொக்கே உணவாகும். அதன் இலைச்சாற்றை உட்கொண்டவர்களுக்கு இரத்தக் கொழுப்புச் சற்றே குறைவதாக ஆராய்ச்சிகளால் தெரியவந்துள்ளது. அச்செடி நம் பக்கத்தில் அருமை. ஆயினும் அதற்கு உறவான ஒன்று நஞ்சை வரப்புகளில் தானே முளைத்து, களையென்று பிடுங்கி எறியப்படுகின்றது. அதுவே வெண்பூக் கரிசலாங்கண்ணி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லூட்டியோலின் என்னும் பொருள் இரண்டிலும் உண்டு.

இத்தகைய பொருளின் குணம் யாதெனில், நறுக்கிய வாழைப்பூ பிராணவாயுவினால் கறுக்கின்றது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரிலிட்டால் அவ்வளவு கறுப்பதில்லை. உடலினுள்ளும் பிராணவாயுவின் வேகத்தால் திசுக்கள் சிதைவதுண்டு. அதனைத் தடுக்க வல்லவற்றை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்பர். மஞ்சட்பூக் கரிசலாங்கண்ணியிலுள்ள வெடலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் ஆய்ந்தோரும் 1956-இல் விளக்கினர். வெண்பூ வகையிலும் அப்பொருள் உண்டு. இக்கீரையின் சாறு எலிகளின் ஈரலைக் காத்ததாகச் சோதனைகள் கூறுகின்றன. எனினும் எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமென்று துணிதல் கூடாது.

கீரையின் நலம் அது நிற்கும் நீரைப் பொறுத்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பெருமையுடையது. ஆயினும் அதன் ஓரத்தில் பெருங்குடியில் பல்லாண்டுகள் நகரக் குப்பை கொட்டப்பட்டது; சாக்கடை நீரும் அதிற் கலந்தது. ஈயம் முதலிய உலோகங்கள் நீரில் இருப்பின் கீரை அவற்றை உறிஞ்சும். கழுவினாலும் வேகவைத்தாலும் அவை நீங்கா. ஆகையால் சதுப்பின் ஓரத்திலும், சாக்கடை வாய்க்காலிலும், களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறித்த கீரை உண்ணத் தக்கதன்று.

கிணற்று நீர் பாயும் கொல்லையில் ஒரு பாத்தி போதும். விதை மிக நுண்ணியது. முளைக்க வெளிச்சம் வேண்டுவது. எனவே மணலுடன் கலந்து தூவி, ஆழமாக மூடாமல் விடவேண்டும். கணுவுள்ள தண்டுத் துண்டுகளும் வேர்பிடிக்கும். மண் ஈரங்குன்றாதிருத்தல் அவசியம். தண்டை ஒடித்தால் சாறு காற்றுப்பட்டுக் கறுக்கும். இதுவே செடியை அறியும் அடையாளம். இளந்தழையைப் பருப்புடன் சமைத்துண்ணலாம்.

காமாலை கண்டவர் கீரையை நம்பி நாட்கடத்தலாகாது; உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் கிராம அதிகாரிகளின் கடமையாம்.