பிளேட்டை மாற்றும் முன் எண்ணெயைத் தேடுங்கள்

கேள்வி: அப்பா வாங்கிய பழைய மாஸ்ஸி பெர்குசன் 1035 டிராக்டர் எங்களிடம் இருக்கிறது. சேற்றுழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் இன்றைக்கும் அதுதான். இரட்டை கிளட்ச் வண்டி. போன வருடம்தான் பிளேட் மாற்றினோம். இப்போது மறுபடியும் நெல் மூட்டையோடு ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. கருகல் வாடையும் அடிக்கிறது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது. பிளேட் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். கிராங்க் சீல் போயிருக்கும், இன்ஜினையே முழுசாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. என்ன செய்யட்டும்?
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: விற்க வேண்டாம். டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது 1960-ல். அது முதலில் செய்த டிராக்டர்களின் வம்சம் உங்கள் வண்டி. பெர்கின்ஸ் வடிவமைப்பை ஒட்டிய சிம்ப்சன் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். இந்தக் குடும்பத்து வண்டிகள் உலகம் முழுக்க ஓடுவதால் பிளேட், சீல், பேரிங் எதற்கும் இன்றுவரை தட்டுப்பாடு இல்லை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த கைகளும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒரே வருடத்தில் பிளேட் போனதென்றால் குற்றம் பிளேட்டின்மேல் இல்லை. எண்ணெய் குடித்த பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும். எண்ணெய் வரும் வழியை அடைக்காமல் புதுப் பிளேட் போட்டால் அடுத்த வருடமும் இதே செலவு.

முதலில் சொட்டும் இடத்தைப் படுத்துப் பாருங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சேரும் எண்ணெயும் நீரும் வெளியேறத்தான் அந்த ஓட்டை. எண்ணெய் அதன் வழியாகவே சொட்டினால் கசிவு உள்ளே. ஓட்டை காய்ந்திருந்து, சுற்றியுள்ள இணைப்பு விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தால் கசிவு வெளியே. டேப்பட் கவர் பேக்கிங்கின் பின்பக்க மூலை கசிந்தால் எண்ணெய் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, அச்சு அசலாக கிராங்க் சீல் போனதுபோலவே அடியில் வந்து நிற்கும். ஒரு பேக்கிங்கோடு முடிய வேண்டிய வேலைக்கு டிராக்டரையே இரண்டாகப் பிரித்தவர்கள் உண்டு. அதனால் இன்ஜினின் பின்பக்கத்தை டீசலால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை முகப்பவுடர் தூவி, கால் மணி நேரம் ஓட்டுங்கள். கசிவு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து பவுடரில் கோடு இறங்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம்.

அடுத்து, சொட்டும் எண்ணெயை வெள்ளைத் தாளில் பிடியுங்கள். கன்னங்கரேலென்று இருந்தால் இன்ஜின் எண்ணெய். அப்படியானால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலைப் பார்க்க வேண்டும். பழுப்பாக, தெளிவாக இருந்தால் கியர் பாக்ஸ் எண்ணெய். முன்பக்க ஷாஃப்ட் சீல் போயிருக்கும். பால்போல வெளுத்திருந்தால் சேற்றுழவில் கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, அந்த எண்ணெயை முழுக்க மாற்றியாக வேண்டும்.

கறுப்பு எண்ணெயாக இருந்தாலும் உடனே சீலைக் குறை சொல்ல வேண்டாம். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறி, எண்ணெய் நீர்த்து டீசல் வாடை அடித்தால், டீசல் பம்பின் ஜவ்வு கிழிந்தோ, இஞ்செக்‌ஷன் பம்பின் சீல் வழியாகவோ டீசல் சம்ப்புக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். இதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பிறகு பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். பிரீதர் சுத்தமாக இருந்தும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதென்றால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவர் பேச்சுக்கு அப்போதுதான் மதிப்பு. மற்றபடி சீல் மாற்ற இன்ஜினை முழுசாகப் பிரிக்கத் தேவையில்லை.

கிளட்ச் பெடலையும் பார்த்துவிடுங்கள். கையால் அமுக்கினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போக வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஃபிங்கர்களை அழுத்திக்கொண்டே இருக்கும், புதுப் பிளேட்டும் வழுக்கும். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதையேதான் செய்கிறது. டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டியை இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி, முன் அச்சுக்கு மேலே இரு பக்கமும் மர ஆப்பு அடித்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். அந்த அச்சு நடுவில் ஆடக்கூடியது. ஆப்பு இல்லையென்றால் பிரிந்த மறு நொடி இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

திறந்த பிறகு கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு பிளேட், ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங், முன்பின் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவார்கள். சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். பிளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ தெரிந்தால் லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். இரட்டை கிளட்சில் ஒரு ஷாஃப்டுக்குள் இன்னொரு ஷாஃப்ட் சுற்றுகிறது, எனவே கியர் பாக்ஸ் பக்கம் இரண்டு சீல். வெளியே தெரிவதை மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

பின்பக்க கிராங்க் சீல் உங்கள் வயது வண்டியில் பெரும்பாலும் கயிறு சீல்தான். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். இரண்டு அரைவட்ட ஹவுசிங்கின் பள்ளத்திலும் கயிற்றைப் பதிக்கும்போது, முதலில் இரு முனைகளையும் உட்கார வைத்து, நடு பாகத்தைப் புடைத்திருக்க விட்டு, அதன்பின் நடுவிலிருந்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் உருண்டையான ஒரு கம்பியை உருட்டிப் படிய வைக்க வேண்டும். முனைகள் ஹவுசிங் விளிம்புக்கு மேலே 0.25 முதல் 0.50 மில்லிமீட்டர் வரை துருத்தி நிற்க வேண்டும். பிளேடால் விளிம்போடு விளிம்பாக வெட்டி விட்டால் இணைப்பில் இடைவெளி விழுந்து அங்கேயே கசியும். கயிற்றின் உட்பக்கம் கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள்.

சேற்றுழவுக்குப் போகும்போது பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டையைப் பிளக் போட்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் சேற்று நீர் கிளட்சுக்குள் ஏறும். உழவு முடிந்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டும். பலர் வருடம் முழுக்க அடைத்தபடியே விடுகிறார்கள்; கசியும் எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிப் பிளேட்டை நனைக்கிறது. உங்கள் வண்டியில் போன வருடம் இதுவும் நடந்ததா என்று விசாரியுங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், கோடையிலேயே பிரித்துவிடுங்கள். உழவு தொடங்கிய பிறகு எந்தப் பட்டறையிலும் கயிறு சீலுக்கு வேண்டிய நேரத்தைத் தர மாட்டார்கள். பிரிக்கும் அன்று நீங்களும் கூடவே இருங்கள்; கயிற்றின் முனைகளை ஹவுசிங் மூடும் முன் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.