மேடும் பள்ளமும் சொல்லும் வரலாறு

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர்பெற்ற மீனவர் ஊர் இது. பீடோங் நகரிலிருந்து செமிலிங், மெர்போக், சிங்கிர் ஆகிய ஊர்களைக் கடந்து இங்கு வந்து சேரலாம். தொலைவு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மகிழுந்தில் வருபவர் அரை மணி நேரத்தில் கடந்துவிடுவார். வழியில் என்ன இருந்தது என்று கேட்டால், "மரங்கள்" என்பார். மிதிவண்டியில் வருபவரின் கால்களுக்கோ ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்திற்குள் ஒரு வட்டாரத்தின் வரலாறு அடங்கியுள்ளது.

பீடோங்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் ஜெராய் மலை உயர்ந்து நிற்கும். அதன் உயரம் 1,217 மீட்டர். இடப்பக்கம் மெர்போக் ஆறும் சதுப்புநிலக் காடும் பரந்து கிடக்கும். மலையடிவாரக் குன்றுகளுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையில் இவ்வட்டாரம் அமைந்திருப்பதால் நிலம் ஒரே சீராக இல்லை. ஏறி இறங்கி மீண்டும் ஏறுகிறது.

சாலையின் ஏற்றத்தை விழுக்காட்டில் கணக்கிடுவர். 500 மீட்டர் தொலைவில் சாலை 20 மீட்டர் உயர்ந்தால், அதன் சரிவு 4 விழுக்காடு. ஓட்டுபவரும் மிதிவண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எனக் கொள்வோம். அந்த எடையை 20 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 13,700 ஜூல் ஆற்றல் தேவை. இறக்கத்தில் அந்த ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. பாதுகாப்புக்காகப் பிரேக்கையும் பிடிக்க வேண்டியுள்ளது. ஆகவே, மேடு பள்ளமான பாதையில் ஓட்டுவது சமநிலத்தில் அதே தொலைவை ஓட்டுவதைவிடக் களைப்பைத் தரும். அனுபவமுள்ளவர் மேட்டின் நடுவில் திணறுவதில்லை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே எளிய கியருக்கு மாற்றிக்கொண்டு, சீரான தாளத்தில் மிதித்து மேலே செல்வார்.

இந்த மேடுகளில்தான் ரப்பர்த் தோட்டங்கள் உருவாயின. இது தற்செயலாக நடந்ததன்று. ரப்பர் மரத்தின் வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது. நீர் வடிந்தோடும் சரிவான நிலமே ஏற்றது. தாழ்ந்த சமவெளி நெல் வயலாயிற்று. உப்புநீர் ஏறி இறங்கும் கரை சதுப்புநிலக் காடாகவே நின்றது. சிங்கிரிலிருந்து வடக்கே யான் பக்கம் திரும்பினால், மேடுகள் மறைந்து வயல்வெளி விரிவதை இன்றும் காணலாம். மண்ணின் உயரம்தான் எங்கே எது விளையும் என்பதை முடிவு செய்தது. எங்கே யார் வாழ்வார் என்பதையும் அதுவே பெரும்பாலும் முடிவு செய்தது.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் ஆளுமைக்குள் வந்தது. அதன்பின் தோட்டங்கள் விரைந்து பெருகின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர்கள் வந்து, இக்குன்றுகளின் சரிவுகளில் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அவரவர் நிரைக்குச் செல்வர். குளிர்ந்த காலை வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியாக வேண்டும். பின்னர் அதே சரிவில் மீண்டும் நடந்து பாலைச் சேகரித்து, நிரம்பிய வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பர். பிற்காலத்தில் மிதிவண்டியும் பால் சுமக்கப் பயன்பட்டது. இன்று ஓய்வு நாளில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு இன்பம் தரும் அதே மேடு, அன்று பால்வாளி சுமந்தவருக்கு நாள்தோறும் ஏறவேண்டிய சுமையாக இருந்தது. இதை எண்ணிப் பார்க்காமல் இப்பாதையைக் கடப்பது, பாதி புத்தகத்தைப் படிக்காமல் மூடுவதற்கு ஒப்பாகும்.

தோட்டங்களுக்கும் முன்பே இந்நிலம் உலகறிந்த இடமாக இருந்தது. கடலில் வரும் கப்பல்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் ஜெராய் மலை. அதைக் குறிவைத்து வந்த வணிகர் மெர்போக் ஆற்றுக்குள் நுழைந்தனர். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் கூறினார். 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இக்கடாரத்தின் மீது படையெடுத்தது.

செமிலிங், மெர்போக் வட்டாரத்திலுள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் அகழாய்வு மேற்கொண்டனர். பழங்கால இரும்பு உருக்கு உலைகளும் செங்கல் கட்டடங்களும் ஆற்றுத்துறையின் எச்சங்களும் அங்கே வெளிப்பட்டன. இங்கும் நிலத்தின் அமைப்பே காரணம். இரும்புத் தாது, விறகு தரும் காடு, பொருளை ஏற்றிச் செல்ல ஆறு ஆகிய மூன்றும் அருகருகே இருந்தன. மெர்போக்கிலிருந்து சிறிது தூரம் மலைப்பக்கம் ஏறினால், ஓடையோரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தைக் காணலாம். அதனருகில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது.

ஆனால், இப்பாதையின் பக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. 2013இல் இவ்வட்டாரத்தில் 11ஆம் எண் கொண்ட பழங்காலக் கோயிலின் எச்சம், வீடமைப்பு மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டது. செய்தி வெளியே தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. நாடு முழுவதும் எழுந்த கண்டனத்தால் இடிந்த சுவர் மீண்டும் எழவில்லை. தோட்டங்களின் நிலையும் இதுவே. பால்மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. லயங்கள் கலைந்து, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எந்த மேட்டில் எந்தத் தோட்டம் இருந்தது என்பதை முதியவர்களே சொல்லக்கூடும்.

இப்பாதையில் செல்ல விரும்புவோர் சில பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். தலைக்கவசம் அணிந்து, சாலையின் இடப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல் நலம். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகள் எதிர்ப்படலாம். அவற்றிலிருந்து உதிர்ந்த பழங்கள் சக்கரத்தை வழுக்கச் செய்யும். மழைநாளில் இறக்கத்தின் வளைவில் திடீரெனப் பிரேக் பிடிப்பது ஆபத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். காலையிலேயே புறப்பட்டால் வெயிலுக்கு முன் தஞ்சோங் டாவாயை அடையலாம்.

அங்கே சாலை முடிகிறது. படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா தெரியும். பின்னால் திரும்பினால் ஜெராய் மலை தெரியும். கடாரத்திற்கு வந்த கப்பல்கள் நுழைந்த நீர்வழி இதுவே. களைத்த கால்களோடு இங்கு வந்து நிற்பவர், கடந்து வந்த மேடுகளைப் பற்றி வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வியாவது கேட்பாரானால், அந்தப் பயணம் பயனுள்ள பயணமாகும்.

கருத்துணர் கேள்விகள்

1. ரப்பர்த் தோட்டங்கள் மேட்டு நிலங்களில் உருவானதற்குக் காரணம் என்ன?
2. 400 மீட்டர் தொலைவில் 20 மீட்டர் உயரும் சாலையின் சரிவு எத்தனை விழுக்காடு?
3. 'பாதி புத்தகத்தைப் படிக்காமல் மூடுவதற்கு ஒப்பாகும்' என்னும் தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
4. உமது வட்டாரத்தில் மறைந்துபோன ஒரு தோட்டம் அல்லது ஊரைப் பற்றி முதியவர் ஒருவரை நேர்காணல் செய்து, ஒரு பத்தி எழுதுக.