மருந்தைத் தொடும் கைகள்

ஆர்.கே.புரத்தில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 7ஆம் செக்டாரில் மலை மந்திர் முருகன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து எய்ம்ஸ் மருத்துவமனை அதிக தூரமில்லை. பஸ்ஸில் போய்விடலாம். எய்ம்ஸ் வளாகத்தில் டாக்டர் அம்பேத்கர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதைக் 'கீமோ' என்கிறோம். நோயாளியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். அந்த மருந்தைக் கலக்கிறாரே, அவரைப் பற்றி நினைக்கிறோமா? உடைந்த புட்டியைப் பெருக்குகிறவரைப் பற்றி?

மருந்தா, விஷமா?

முதல் உலகப் போரில், 1917இல், கடுகு வாயு என்ற விஷத்தை வீசினார்கள். சிப்பாய்களின் தோல் கொப்பளித்தது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது. அந்த வழியில் வந்ததுதான் சைக்ளோபாஸ்பமைடு. இன்றும் அது உயிர்களைக் காக்கிறது.

நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்துகள் கொல்லும். நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது. நோயாளிக்கு முடி கொட்டுவது அதனால்தான். நோயாளிக்கு இதில் லாபம் அதிகம். மருந்து கலப்பவருக்கோ நோயே இல்லை. அவருக்கு ஒரு சொட்டும் நட்டம்தான்.

1979இல் பின்லாந்து நாட்டில் இந்த மருந்துகளைக் கையாண்ட நர்சுகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். மரபணுவைக் கெடுக்கும் பொருள்களின் அடையாளம் அதில் இருந்தது. அவர்கள் யாரும் மருந்து சாப்பிட்டவர்கள் அல்ல. 1985இல் அதே நாட்டில் இன்னொன்று தெரிந்தது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்தைக் கையாண்ட நர்சுகளுக்குக் கரு கலைவது அதிகமாக இருந்தது.

எப்படி உள்ளே போகிறது?

தோல் வழியாகப் போகிறது. மூச்சு வழியாகப் போகிறது. கை கழுவாமல் டீ குடித்தால் வாய் வழியாகவும் போகிறது. ஊசி குத்தினாலும் போகும்.

புட்டிக்குள் நீரைச் செலுத்தும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். ஊசியை உருவினால் மருந்து பொடித்தூறலாகத் தெறிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இதற்கென்று உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுக் கலக்க வேண்டும். அதில் காற்று மேலிருந்து கீழே இறங்கி, வடிகட்டி வழியாக வெளியேறும். வேறொரு வகைப் பெட்டியும் உண்டு. அதில் காற்று வேலை செய்பவரின் முகத்தை நோக்கி வீசும். மருந்தில் தூசி விழாது, சரிதான். ஆனால் மருந்து அவர் முகத்தில் விழும்! இது கூடாது.

கைக்கு இரட்டைக் கையுறை வேண்டும். கிழியாவிட்டாலும் அடிக்கடி மாற்ற வேண்டும். முன்பக்கம் திறப்பில்லாத, பின்னால் கட்டும் அங்கி வேண்டும். துணி மாஸ்க் போதாது. ஆல்கஹால் திரவம் தேய்த்தால் மருந்து போகாது, பரவத்தான் செய்யும். சோப்பும் தண்ணீரும்தான் வழி. கருவுற்றவர் உடனே மேலாளரிடம் சொல்லி வேறு வேலை கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படித்தவர்களுக்கு இதெல்லாம் பாடத்திலேயே வருகிறது. துடைப்பம் பிடிப்பவருக்குத்தான் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. பொடி சிந்தினால் பெருக்கக் கூடாது, பறக்கும். கையுறை போட்டு, ஈரத்துணியால் மூடி எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை வெறும் கையால் தொடக் கூடாது.

வீட்டிலும் கவனம் வேண்டும். கீமோ மாத்திரையை உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். மருந்து ஏற்றிய பிறகு 48 மணி நேரமாவது நோயாளியின் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து இருக்கும். துடைப்பவர் கையுறை போட வேண்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். மீந்த மாத்திரையைக் குப்பையில் போடாமல் மருத்துவமனையில் கொடுங்கள்.

மருத்துவமனைக் கழிவுக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இந்த மருந்துக் கழிவு மஞ்சள் பையில் போக வேண்டும். அதை 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும். பையின் மேல் 'சைட்டோடாக்ஸிக்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 'செல்லைக் கொல்லும்' என்று பொருள். அந்தப் பையைத் தூக்கச் சொன்னால் முதலில் கையுறை கேளுங்கள்.