குறிப்பேட்டின் ஓரம்

அன்புள்ள தங்கைக்கு,

முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஒரு கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பியிருக்கிறாய். கையில் சில நோட்டுகள், போனில் ஆயிரக்கணக்கான படங்கள், உடனே புத்தகமாக்கிவிட வேண்டும் என்ற வேகம். பயண எழுத்துக்கு வருகிற எல்லாருக்கும் இந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் வரும். அன்று கண்டதை அப்படியே எழுதுவதா, இன்று புரிந்ததை வைத்து எழுதுவதா? இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எது எது என்று வாசகருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். அன்று நடந்தவள் ஒருத்தி, இன்று மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள் இன்னொருத்தி. பின்னவள் விவரம் தெரிந்தவள் என்பதாலேயே முன்னவளின் வாயில் தன் சொற்களைத் திணிக்க அவளுக்கு உரிமை வந்துவிடாது.

இதை யோசிப்பதற்குப் பாட்ரிக் லீ ஃபெர்மரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்தின் ஹூக் துறைமுகத்தில் இறங்கி, கான்ஸ்டான்டிநோபிளை நோக்கி முதுகுப்பையோடு நடக்கத் தொடங்கியவர். ரைன் நதிக்கரை, டான்யூப் நதிக்கரை, ஹங்கேரிச் சமவெளி, டிரான்சில்வேனியா, பல்கேரியா என்று சென்று 1934 முடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த நடையைப் பற்றிய முதல் புத்தகம் 'எ டைம் ஆஃப் கிஃப்ட்ஸ்' வந்தது 1977இல். இரண்டாவது 1986இல். மூன்றாவதை முடிக்காமலே 2011இல் இறந்துபோனார். அவருடைய குறிப்பேடுகளின் கதை இன்னும் முக்கியம். மியூனிக்கில் ஓர் இளைஞர் விடுதியில் முதுகுப்பை களவுபோனது. அதோடு அதுவரை எழுதிய நாட்குறிப்பும் போனது. பிறகு எழுதிய ஒன்றை 1939இல் போர் மூண்டபோது ருமேனியாவில் விட்டுவந்தார். அது 1965இல்தான் அவர் கைக்குத் திரும்பியது. ஆக, முதல் புத்தகத்தின் பெரும்பகுதி அறுபது வயதைத் தொட்டவர் தன் பதினெட்டு வயதைக் குறிப்பின் துணையில்லாமல் நினைவிலிருந்து கட்டி எழுப்பியது.

அப்படிப்பட்ட புத்தகம் பொய்த்துப் போயிருக்க வேண்டும். பல இடங்களில் அது பொய்க்காமல் நிற்பதற்குக் காரணம், மூத்தவர் இளையவரின் அறியாமையை மறைக்காததுதான். 1934 பிப்ரவரியில் அவர் வியன்னாவுக்குள் நுழையும்போது நகரில் உள்நாட்டுச் சண்டை. தொழிலாளர் குடியிருப்புகள் மீது பீரங்கி சுடுகிறது. ஐரோப்பாவின் தலையெழுத்தை மாற்றிய நாட்களில் அவையும் சேர்த்தி. இளைஞருக்கு அதன் பொருள் பிடிபடவில்லை, அரசியலில் அவருக்குப் பெரிய நாட்டமும் கிடையாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத ஜெர்மனியைக் கடந்து வந்தவர். நான் அப்போதே அபாயத்தை மோப்பம் பிடித்தேன் என்று 1977இல் எழுதியிருந்தால் மறுக்க ஆள் இருந்திருக்காது. அவர் அதைச் செய்யவில்லை. அந்த நேர்மையால்தான் பேரழிவின் விளிம்பில் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது என்பது நமக்குக் கிடைக்கிறது. விளிம்பில் நிற்கிறோம் என்பது அங்கே இருந்த பெரும்பாலானவர்களுக்கும் தெரியாது அல்லவா?

மறுபக்கமும் உண்டு. டான்யூப் நடுவே, ஓர்ஷோவா ஊருக்குப் பக்கத்தில், அடா காலே என்று ஒரு சிறு தீவு இருந்தது. துருக்கியர் வாழ்ந்த தீவு. ஃபெர்மர் அங்கே போயிருக்கிறார். நடந்த இளைஞனுக்கு அது வழியில் கண்ட இன்னொரு அதிசயம். எழுதிய முதியவருக்கோ அது தண்ணீருக்கடியில் போய்விட்ட உலகம். இரும்புக் கதவு அணைக்காக 1970களின் தொடக்கத்தில் அந்தத் தீவே மூழ்கிப்போனது. இரண்டாவது புத்தகத்தின் முடிவில் அவர் இதைத் தனியாக, பிற்காலத்துக் குரலிலேயே சொல்கிறார். தீவில் காலடி வைத்த பக்கத்திலேயே துக்கத்தைக் கலந்திருந்தால், அன்றைக்கு அங்கே உயிரோடிருந்த தீவை நாம் பார்க்கவே முடிந்திருக்காது. கால இடைவெளி அந்தத் தீவுக்கு ஒரு பொருளைக் கொடுத்தது என்றால், அந்தப் பொருளைத் தாங்க அன்றைய தீவு கலப்பில்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

"வாசகருக்கு நல்ல கதை வேண்டும், எந்த நாளில் எங்கே நடந்தாய் என்ற கணக்கு யாருக்கு வேண்டும்?" என்று நீ கேட்கலாம். அதற்கும் ஃபெர்மரையே காட்டுவார்கள். ஹங்கேரிச் சமவெளியைக் குதிரையில் கடப்பதாக அவர் எழுதிய பகுதியில் கற்பனை கலந்திருப்பது ஆர்ட்டமிஸ் கூப்பர் 2012இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றால் தெரியவந்தது. புத்தகத்தின் புகழ் அதனால் குறையவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் குதிரை எதன் இடத்தில் வந்து நின்றது என்று பார். முடிவே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில், நாள் முழுக்க நடந்தும் அடிவானம் நகராத அலுப்பின் இடத்தில். சமவெளி நடப்பவரை என்ன செய்யும் என்பதை நடந்தவர்தான் சொல்ல முடியும். குதிரை வந்ததும் அந்த அறிவு போய்விட்டது. கதைக்காக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், பார்க்கச் சுவையில்லாத ஆனால் அந்த இடத்துக்கே உரிய ஏதோ ஒன்று வெளியே தள்ளப்படுகிறது. புனைவு எழுத ஆசையா, நாவல் எழுது. அது இதைவிடத் தாழ்ந்ததல்ல.

வேண்டுமென்று சேர்ப்பதைவிட, நம்மை அறியாமல் நினைவு சேர்ப்பதுதான் பெரிய இடர். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள் செல்லச் செல்லத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில் இருந்த கனூ வெறும் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத ஆவிகள் மெல்ல மறைந்தன. பழக்கமில்லாததை நினைவு பழக்கமானதாக மாற்றிக்கொள்கிறது. அந்நிய நிலத்தைப் பற்றி எழுதப்போகும் உனக்கு இதைவிடக் கவலை தரும் சேதி இருக்க முடியாது. ருமேனியாவில் மாமாலிகா சாப்பிட்டால் களி மாதிரி என்று குறித்துக்கொள்வாய். நல்ல உவமைதான், நம் வாசகருக்கு உடனே எட்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து உன் மனதில் களி மட்டும் மிஞ்சும். அது மஞ்சளாக இருந்ததும், மக்காச்சோள மாவில் கிண்டியதும், பாலாடைக்கட்டியோடு தின்றதும் நோட்டில் இல்லாவிட்டால் திரும்ப வராது. அதனால் உவமைக்கு முன்னால் பொருளை எழுது.

"படம் எடுத்து வைத்திருக்கிறேனே" என்பாய். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் முழுப் பொருளையும் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அதை நினைவில் வைத்திருந்தார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது போலும். அதே ஆய்வில், ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவனம் இருந்தால் கருவி கெடுப்பதில்லை. எப்படியானாலும் ரொட்டியின் விலையும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பாதியில் நிறுத்திய பேச்சும், நீ தப்பாகப் புரிந்துகொண்டது என்ன என்பதும் எந்தப் படத்திலும் விழாது.

உடனே புத்தகமாக்காமல் காத்திருந்தால் தகவல் பழசாகிவிடும் என்ற பயமும் உனக்கு இருக்கும். விசா விதியும் விடுதிக் கட்டணமும் பழசாகும்தான். அவற்றை இப்போதே கட்டுரையாக எழுதிவிடு. மற்றது பழசானால் கெடாது. டார்வின் 1835இல் கலாபகஸ் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தபோது, எது எந்தத் தீவில் பிடித்தது என்று பலவற்றுக்குச் சீட்டு எழுதவில்லை. ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று சொல்லலாம் என அங்கிருந்த அதிகாரி சொல்லியும் அதன் முக்கியம் உடனே உறைக்கவில்லை. 1837இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவை தனித்தனி ஃபிஞ்ச் இனங்கள் என்று காட்டிய பிறகு, கப்பலில் உடன் வந்த மற்றவர்கள் ஒழுங்காகக் குறித்து வைத்த பறவைகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அவருடைய பயண நூல் 1839இல் வந்தது. புதிய புரிதலோடு திருத்திய பதிப்பு 1845இல். சீட்டு எழுதாமல் கலந்துவிட்ட தன் பிழையை அவர் நூலில் ஒளிக்கவில்லை. பொருள் பத்தாண்டு தாமதமாக நூலுக்குள் வந்தது, பரவாயில்லை. சீட்டு மட்டும் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது.

ஃபெர்மரின் மூன்றாம் புத்தகத்தைக் கட்டாயம் படி. 'தி புரோக்கன் ரோட்', 2013இல் வந்தது. அதன் பெரும்பகுதி நாட்குறிப்பு கைக்குத் திரும்புமுன், 1960களில், நினைவிலிருந்து எழுதிய வரைவு. கான்ஸ்டான்டிநோபிளை எட்டுமுன்பே அறுந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் 1935இன் தொடக்கத்தில் ஆதோஸ் மலை மடங்களில் எழுதிய நாட்குறிப்பைப் பதிப்பாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். தன் இருபதாவது பிறந்தநாளை அங்கேதான் கழித்தார். ஒரே மனிதரின் இரண்டு கைகள் ஒரே அட்டைக்குள்.

இப்போது உன் நோட்டுகளை எடு. வரிசை எண் போட்டுப் பிரதி எடுத்து வை. ஒரு வரியையும் அடிக்காதே, திருத்தாதே, அசடாகத் தெரிந்தாலும். இன்று தோன்றுவதை வேறு நிற மையில் ஓரத்தில் எழுது. பக்கத்தில் இன்றைய தேதியைப் போடு.

அன்புடன்,
உன் அக்கா