முழங்காலும் உடல் நிறையும்

ஊரில் வயலும் தோட்டமுமாய் நடந்து திரிந்த நாம், இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓர் அறைக்குள் அடங்கினோம். நடை குறைந்தது, பாணும் சீனித் தேநீரும் கூடின, உடல் நிறை ஏறியது. அந்தச் சுமையை முதலில் அறிவது முழங்கால். 1 கிலோ நிறை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

தேய்ந்த மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை முதுமையிலும் பலன் தரும். இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாய், 75 வயதைத் தாண்டியபின், 2000இல் ஒரு முழங்காலையும் 2001இல் மற்றதையும் மாற்றிக்கொண்டார். பருத்த உடலினருக்கும் நோ தணிகிறது. ஆயினும் நிறை மிகக் கூடியவர்களுக்குக் காயம் ஆறச் சுணங்கலாம், கிருமித்தொற்றுக்கும் இடமுண்டு.

ஆகவே முன்கூட்டியே நிறையையும் நீரிழிவையும் மருத்துவர் சொற்படி கட்டுப்படுத்துவோம். பட்டினி கிடப்பது தவறு. குறைக்க வேண்டியவை சீனியும் பொரியலும் சோற்றின் அளவுமே. காயம் ஆறப் பருப்பு, மீன், முட்டை வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தபின் மருத்துவர் சொன்ன நாளிலேயே எழுந்து நடக்க வேண்டும். "பாவம், படுத்திருக்கட்டும்" என்னும் நம் பாசமே மூட்டை இறுக வைத்துவிடும்.

சிந்திப்போம்: நம் வீட்டு ஆச்சியை நாள்தோறும் கைபிடித்து நடத்தப்போவது யார்?